விளக்கு தடுத்த வாள்

வரலாற்றுத் திண்ணை



கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையை அடுத்து வாழும் சகோதரி ஒருவர் சென்ற திங்கள் நமக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். அவருடைய மகனுக்குப் பத்து வயது. பள்ளி விட்டு வந்ததும் கைப்பேசியில் ஜப்பானியச் சித்திரக் கதைகளைப் பார்க்கிறானாம். பிறகு துடைப்பக் கட்டையை உருவிக்கொண்டு, தான் ஒரு சாமுராய் என்று வீடு முழுதும் வீரம் காட்டுகிறானாம். "நம் பக்கத்தில் இத்தகைய வீரர்கள் இருந்ததுண்டா?" என்று அவன் கேட்டதற்கு என்ன விடை சொல்வது என்பது அவருடைய முதல் வினா. இரண்டாம் வினா சற்று வருத்தத்தோடு எழுதப்பட்டிருந்தது. மாசித் திங்களில் பக்கத்து வீட்டாருடன் சித்தூர்க் கொங்கன்படைத் திருவிழாவுக்குப் போய் வந்தார்களாம். மறுநாள் விளையாட்டில் தோழன் ஒருவன் இவனைச் சுட்டி, "நீதான் கொங்கன், நீதான் தோற்க வேண்டும்" என்று சொல்லிவிட்டானாம். பிள்ளை வீடு வந்து, "அம்மா, நாம் தோற்றவர்களா?" என்று கேட்டிருக்கிறான்.

இரண்டாம் வினாவுக்கு விடை சொல்ல முதல் வினாவின் வழியாகவே போக வேண்டியிருக்கிறது. ஆகவே வரிசைப்படியே தொடங்குவோம்.

பிள்ளை பார்க்கும் கதைகள் பெரும்பாலும் 1467 முதல் 1600 ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்தவை. 1467 இல் கியோத்தோ நகரில் மூண்ட ஒனின் போர் பத்து ஆண்டுகள் நீண்டு தலைநகரைச் சாம்பலாக்கியது. அதன் பிறகு பேரரசர் என்று ஒருவர் பெயரளவில் இருந்தார். ஷோகுன் என்னும் படைத்தலைவரும் பெயரளவில் இருந்தார். நாட்டை ஆண்டவர்களோ கோட்டைதோறும் முளைத்த குறுநிலத் தலைவர்கள். தந்தையை மகன் துரத்தினான். தலைவனைத் தளபதி கவிழ்த்தான். 1543 இல் போர்த்துகேயர் கொண்டுவந்த துப்பாக்கியை அவர்கள் விரைவில் தாமே வார்க்கக் கற்றுக்கொண்டார்கள். 1575 இல் நாகாஷினோ என்னுமிடத்தில் ஓதா நொபுனாகாவின் துப்பாக்கி வீரர்கள் மரவேலிக்குப் பின்னால் நின்று தக்கேதா குடியின் புகழ் வாய்ந்த குதிரைப் படையைச் சிதைத்தார்கள். சித்திரக் கதையில் வாள் மின்னுவது போல அங்கு எல்லாம் வாளால் முடிந்துவிடவில்லை என்பதைப் பிள்ளைக்கு முதலில் சொல்லிவிடுவது நன்று.

அக்காலத்தின் முடிவுப் போர் 1600 ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று செகிகஹாராவில் நடந்தது. அந்த இடத்தின் அமைப்பை அறிந்தால் கஞ்சிக்கோட்டார்க்கு அது அயலூராகத் தோன்றாது. இரு புறமும் மலை, நடுவே ஒடுங்கிய வெளி. நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெருவழி அதனூடே போகிறது. இன்றைக்கும் அங்கு இருப்புப்பாதை அவ்வழியேதான் செல்கிறது. பழங்காலத்தில் அங்கு ஓர் அரசுச் சாவடி இருந்தமையால் "சாவடி வெளி" என்ற பொருளில் அப்பெயர் அமைந்தது. நமக்கு வாளையார் எப்படியோ அவர்களுக்கு அந்த ஊர் அப்படி! வாளையார்ச் சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் நின்ற காட்சியை நம்முள் பலர் மறந்திருக்க மாட்டோம். 2017 இல் சரக்கு சேவை வரி வந்த பின்னரே வணிகவரிச் சோதனை அங்கிருந்து நீங்கிற்று.

அந்த வெளியில் ஒரு பக்கம் தொகுகவா இயேயாசு. எதிர்ப்பக்கம் இஷிதா மித்சுனாரி. இரு திறத்தும் சேர்ந்து ஒன்றரை இலக்கத்துக்கு மேற்பட்ட வீரர்கள் திரண்டிருந்தார்கள் என்பர். முந்தைய இரவு மழை. விடியலில் எதிரே நிற்பவன் தெரியாத மூடுபனி. பனி விலகியதும் தொடங்கிய போர் பிற்பகலுக்குள் முடிந்துவிட்டது. முடிவு செய்தது வாளன்று, ஒருவருடைய மனமாற்றம். கொபயகாவா ஹிதேயாகி என்னும் இளைஞர், வயது இருபதும் நிரம்பாதவர், மித்சுனாரியின் பக்கம் என்று பெயர் செய்துகொண்டு பதினையாயிரம் பேருடன் ஒரு குன்றின் மேல் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நண்பகலை ஒட்டிக் குன்றை விட்டு இறங்கித் தம் பக்கத்தாரையே தாக்கினார். அவ்வளவுதான், மேற்குப் படை உடைந்தது.

ஆனால் அந்த நாளில் நம் உள்ளத்தை உலுக்குவது ஹிதேயாகியின் செயலன்று, ஷிமாசு குடியின் பின்வாங்கல். தோற்ற பக்கத்தில் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு பேருடன் இருந்த முதியவர் ஷிமாசு யொஷிஹிரோ, பின்புறம் ஓடாமல் எதிரியின் நடுவையே பிளந்துகொண்டு வெளியேறினார். துரத்தி வருவோரைத் தடுக்கச் சிறு சிறு கூட்டமாக வீரர்கள் வழியில் தங்கினார்கள். அவர்கள் சாகும்வரை போரிடுவார்கள்; அடுத்த கூட்டம் சற்றுத் தொலைவில் தங்கும். தலைவர் ஊர் சேர்ந்தபோது அவருடன் இருந்தவர் எண்பது பேர் அளவே என்று அவர்கள் வரலாறு கூறுகிறது. சாவதற்கென்றே வழியில் உட்கார்ந்தவர்கள்! இத்தகையோர் நம் பக்கத்தில் உண்டா என்பதே பிள்ளையின் வினா.

உண்டு. அதுவும் தொலைவில் இல்லை. கஞ்சிக்கோட்டின் ஓரமாக ஓடும் கோரையாற்றுத் தண்ணீர் கல்பாத்திப் புழையில் கலந்து, பாரதப்புழையாகி, மேற்கே போய்ப் பொன்னானியில் கடல் சேர்கிறது. கடல் சேர்வதற்குச் சற்று முன் அது ஒரு பழம்பதியைத் தொட்டுச் செல்கிறது. அதுதான் திருநாவாய்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகோதயபுரத்துச் சேரப் பெருமாள்களின் ஆட்சி முடிவுற்றது. அதன் பிறகு இந்த நாடும் ஜப்பானைப் போலவே துண்டு துண்டாயிற்று. கோழிக்கோட்டில் சாமூதிரி, கொச்சியில் பெரும்படப்பு, தெற்கே வேணாடு, நமக்கு மிக அருகில் வள்ளுவநாடு, இங்கேயே பாலக்காட்டு அச்சன்மார் என்று ஒவ்வொரு ஆற்றுப்படுகைக்கும் ஓர் அரசர். களரிகளில் சிறுவர்கள் ஏழெட்டு வயதிலேயே எண்ணெய் தேய்த்து உடல் வளைத்து வாளும் பரிசையும் பயின்றார்கள். இரு வீட்டாரின் வழக்கைத் தீர்க்கக் கூலிக்குச் சேகவரை அமர்த்தி அங்கம் வெட்டச் செய்யும் வழக்கமும் இருந்தது. வடக்கன் பாட்டுகளைக் கேட்டவர்கள் ஆரோமல் சேகவரை அறிவார்கள்.

திருநாவாயில் ஆற்றின் கரையில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாமாங்கம் என்னும் பெருவிழா 28 நாள்கள் நடந்தது. அவ்விழாவில் மேடையேறி நிற்கும் உரிமை முதலில் வள்ளுவக்கோனாதிரிக்கு இருந்தது. பின்னர் சாமூதிரி அதனைப் படைவலியால் கைப்பற்றிக்கொண்டார். இழந்த உரிமையை வள்ளுவநாடு மறக்கவில்லை. எதிர்த்துப் படை நடத்த வலிமையும் இல்லை. ஆகவே ஒவ்வொரு மாமாங்கத்துக்கும் அது சில வீரர்களை அனுப்பிற்று. அவர்களுக்குச் சாவேர் என்று பெயர். அச்சொல்லின் பொருளைத் தமிழ் வீட்டில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டுவதில்லை. அங்காடிப்புறத்தில் திருமாந்தாங்குன்று அம்மன் கோயில் முன்றிலிலிருந்து அவர்கள் விடைபெற்றுப் புறப்பட்டார்கள். திருநாவாயில் ஆயிரக்கணக்கான காவலர் வேல்களை நீட்டி நிற்க, அவற்றினூடே பாய்ந்து மேடைமேல் நிற்கும் சாமூதிரியை வெட்டுவதே அவர்கள் பணி. எவரும் திரும்பி வந்ததில்லை. திரும்பி வருவதற்காக எவரும் போனதுமில்லை.

1695 ஆம் ஆண்டு மாமாங்கத்தின்போது அலெக்சாண்டர் ஹாமில்டன் என்னும் ஸ்காத்லாந்துக் கப்பல் தலைவர் ஒருவர் அந்தக் கரையோரமாக வந்திருந்தார். இரண்டு மூன்று நாள் இரவும் பகலும் வேட்டொலி கேட்டுக்கொண்டே இருந்ததாகத் தம் நூலில் அவர் எழுதியிருக்கிறார். அவ்வாண்டில் பாய்ந்தவர்களுள் ஒருவனுக்கு வயது பதினைந்து பதினாறுக்கு மேல் இராது. மூத்த சாவேர் ஒருவருடைய மருமகன். வேல்களைக் கடந்து காவலரைக் கடந்து மேடைக்கே வந்துவிட்டான். சாமூதிரியின் தலையை நோக்கி வாளை ஓங்கி வீசினான். தலைக்கு மேலே பெரிய பித்தளை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. வாள் விளக்கில் பட்டுப் பிழைத்தது. இரண்டாம் வீச்சுக்கு அவனுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். ஒரு விளக்கு அரைச் சாண் தள்ளித் தொங்கியிருந்தால் மலையாளக் கரையின் வரலாறு வேறாகியிருக்கும் என்று சிலர் பேசுவர். நமக்கு அவ்வெண்ணம் தோன்றுவதில்லை. வேறொருவர் சாமூதிரியாகியிருப்பார், வேறொரு சிறுவன் பன்னிரண்டு ஆண்டு கழித்து அனுப்பப்பட்டிருப்பான். நம் நினைவில் நிற்பது அந்தப் பிள்ளையின் வயதுதான். இன்றைய கணக்கில் பத்தாம் வகுப்பு மாணவன். அவனுடைய தாயின் பெயரை ஹாமில்டன் கேட்டு எழுதவில்லை. சாமுராயின் வீரத்தைப் புகழும்போதும் சாவேரின் வீரத்தைப் புகழும்போதும் நம் பெரியவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: யாருடைய சினத்துக்காக யாருடைய பிள்ளை போனான் என்பதை. மகனுக்கு இக்கதையைச் சொல்லும் தாய்மார்கள் அதையும் சேர்த்துச் சொல்லட்டும். கதையின் சுவை அதனால் குறையாது.

திருநாவாயில் சாமூதிரி நின்ற நிலபாடுதறையும், இறந்த சாவேர்களின் உடல்களை இட்டதாகச் சொல்லப்படும் மணிக்கிணறும் இன்றும் காப்பிடங்களாக இருக்கின்றன. நிலபாடுதறை ஓர் ஓட்டுத் தொழிற்சாலையின் வளாகத்துக்குள் அகப்பட்டுக் கிடக்கிறது என்பது பலர்க்கு வியப்பாக இருக்கும். நமக்கு வியப்பில்லை, தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழ்கிறவர்கள் அல்லவா நாம்!

இவ்வீரம் மலையாளத்துக்கே உரியது, தமிழர்க்கு இல்லை என்று பிள்ளை எண்ணிவிடக் கூடாது. பாண்டியனைச் சூழ்ந்து அவன் உயிருக்குத் தம் உயிரை ஈடாக வைத்தவர்களுக்குத் தென்னவன் ஆபத்துதவிகள் என்று பெயர். சோழர் படையில் வேளைக்காரர் அப்படிச் சூளுரைத்தவர்கள். தன் தலையைத் தானே அரிந்து தெய்வத்துக்குக் கொடுக்கும் வீரனின் சிலைகள், அரிகண்டம், நவகண்டம் என்ற பெயர்களால், தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கோயில்களில் இன்னமும் நிற்கின்றன. தோல்வியின் நாணம் பொறாது ஜப்பானிய வீரன் தன் வயிற்றைக் கிழித்துக்கொள்வதைக் கண்டு பிள்ளை கேட்பானாயின், சேரமான் பெருஞ்சேரலாதனைப் பற்றிச் சொல்லலாம். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருதபோது, மார்பில் பாய்ந்த வேல் முதுகையும் புண்ணாக்கிற்று. புறப்புண் பட்டதற்கு நாணி, வாளோடு வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர் துறந்தான் அவன். சோழனிடம் சிறைப்பட்ட கணைக்கால் இரும்பொறை, காவலர் காலந்தாழ்த்து இகழ்ச்சியோடு தந்த தண்ணீரைப் பருகாமல் வைத்தான் என்பதும் சங்க நூல்களால் அறியப்படுவது. இவ்விருவரும் சேரர் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளவும். கடைசியில் அது நமக்கு வேண்டியிருக்கும்.

இனி நம் கணவாய்க்கே வருவோம்.

வடக்கே நீலமலைத் தொடர், தெற்கே ஆனைமலைத் தொடர். நடுவே மேற்குமலை முப்பது கிலோமீட்டர் அளவுக்குக் கதவைத் திறந்து வைத்ததுபோல விலகி நிற்கிறது. ஆடி மாதத்தில் கோயம்புத்தூர்ப் பக்கம் குளிர்ந்த காற்று வீசுவது இந்தக் கதவின் வழியாகத்தான். காற்று வந்த வழியே வணிகம் வந்தது. வணிகம் வந்த வழியே படையும் வந்தது.

1757 இல் நடந்ததைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சாமூதிரி பாலக்காட்டு நாட்டின்மேல் படையெடுத்து, நடுவட்டம் என்னும் பகுதியைப் பிடித்துக்கொண்டார். பாலக்காட்டு அச்சனிடம் அவரைத் தடுக்கும் வலிமை இல்லை. பக்கத்து அரசர்களோ, தம் வீட்டில் தீப்பற்றாதவரை அடுத்த வீட்டுத் தீயில் குளிர் காய்பவர்கள். அப்பொழுது திண்டுக்கல்லில் மைசூர் அரசின் பௌஜ்தாராக இருந்தவர் ஹைதர் அலி. அவர் இன்னும் மைசூரைத் தம் கைக்குள் கொண்டுவராத காலம் அது. அச்சன் அவரிடம் ஆள் அனுப்பி உதவி வேண்டினார்.

ஹைதர் தம் மைத்துனர் மக்தூம் அலியின் தலைமையில் இரண்டாயிரம் குதிரை, ஐயாயிரம் காலாள், ஐந்து பீரங்கி அனுப்பினார். கணவாய்க்கு மேற்கே அதுகாறும் நடந்த போர்களில் பெரும்பாலும் காலாட்களே பொருதனர்; வயலும் தோப்பும் வாய்க்காலும் நிறைந்த நிலத்தில் குதிரைப் படைக்குப் பழக்கம் குறைவு. சாமூதிரியின் நாயர் வீரர்கள் வீரத்தில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் பாய்ந்து வரும் குதிரைக்கும் முழங்கும் பீரங்கிக்கும் முன்னால் களரியில் கற்றது போதவில்லை. மைசூர்ப் படை கடற்கரை வரை போயிற்று. சாமூதிரி சமாதானம் பேசி, பிடித்த இடங்களை விட்டுக் கொடுப்பதாகவும், போர்ச் செலவுக்காகப் பன்னிரண்டு இலட்சம் ரூபாய் தருவதாகவும் உடன்பட்டார். அப்பணம் தரப்படவில்லை.

தராத கடன் ஒன்பது ஆண்டு கழித்து வாசற்கதவைத் தட்டிற்று. 1766 இல் ஹைதர் அலி, இப்போது மைசூரின் உண்மைத் தலைவராக, தாமே பெரும்படையுடன் மலையாளத்தில் புகுந்தார். வடக்கிலிருந்து வந்து கோழிக்கோட்டை அடைந்தபோது சாமூதிரி தம் குடும்பத்தாரைத் தெற்கே அனுப்பிவிட்டு, அரண்மனைக்குத் தீயிட்டு அதனுள்ளேயே மாண்டார். 1582 இல் தம் தளபதியே வளைத்துக்கொண்டபோது ஓதா நொபுனாகா எரியும் ஹொன்னோஜிக் கோயிலுக்குள் உயிர் துறந்ததை இத்துடன் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. கடலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே தீ.

பாலக்காட்டு அச்சனுக்கு என்ன கிடைத்தது? சாமூதிரியிடமிருந்து விடுதலை கிடைத்தது. ஹைதருக்குக் கப்பம் கட்டும் கடமையும் கிடைத்தது. 1766 இல் ஹைதர் பாலக்காட்டில் கோட்டையை வலுவாகக் கட்டுவித்தார். இன்று நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை போய் ஓடி விளையாடும் அகழி சூழ்ந்த கோட்டை அதுவே. அது யாருக்காகக் கட்டப்பட்டது என்று கேட்டால் விடை சொல்வது கடினம். 1768 இல் ஆங்கிலத் தளபதி வுட் அதனைப் பிடித்தார். சில மாதங்களில் ஹைதர் மீட்டார். 1783 நவம்பரில் புல்லர்டன் பதினொரு நாள் முற்றுகையிட்டுப் பிடித்தார். பிறகு ஆங்கிலேயர் விட்டுப் போனார்கள். 1790 இல் ஸ்டூவர்ட் மீண்டும் பிடித்தார். 1792 இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மலபார் முழுதும் கும்பினியாருக்குப் போயிற்று. இருபத்தாறு ஆண்டுக்குள் இத்தனை கைமாற்றம். நடுவட்டத்தைக் குறித்து எழுந்த பூசலில் சாமூதிரியும் வெல்லவில்லை, அச்சனும் வெல்லவில்லை.

ஜப்பானுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். அங்கே செகிகஹாராவில் வென்ற இயேயாசு 1603 இல் ஷோகுன் ஆனார். அவர் வழியினர் 1868 வரை ஆண்டார்கள். உள்நாட்டுப் போர் ஓய்ந்தது. வாளேந்திய சாமுராய்கள் நாளடைவில் கணக்கெழுதினார்கள், வரி தண்டினார்கள். 1876 இல் வாளை இடையில் செருகுவதற்கே தடை வந்தது. இங்கே குறுநில மன்னர்கள் தம்முள் ஒருவரையும் முதல்வராக ஏற்காமல் ஆளுக்கொரு அயலாரை அழைத்தார்கள். ஒருவர் போர்த்துகேயரை அழைத்தார், ஒருவர் ஒல்லாந்தரை அழைத்தார், ஒருவர் ஹைதரை அழைத்தார். மாமாங்கமும் 1755 க்குப் பிறகு நின்றது. அடுத்த முறைக்கு நாள் வந்தபோது மேடையேறி நிற்கச் சாமூதிரியே இல்லை.

இப்போது கொங்கன்படைக்கு வருவோம். பிள்ளை கண்ணீரோடு கேட்ட வினா அல்லவா அது.

சித்தூர் பகவதி கோயிலில் மலையாளக் கும்ப மாதத்தில், அதாவது நம் மாசியில், இவ்விழா நடக்கிறது. கொங்கு நாட்டு மன்னன் ஒருவன் கணவாய் வழியாகப் படையெடுத்து வந்தான் என்பதும், சித்தூர் மக்கள் அம்மனை வேண்டினர் என்பதும், அம்மனே போர்க்களம் புகுந்து கொங்கனை அழித்தாள் என்பதும் கதை. கொங்கனின் போர் ஓலையை வாசிப்பது, படை புறப்படுவது, பொருவது எல்லாம் விழாவில் நடித்துக் காட்டப்படுகின்றன. ஊர் ஒன்று தான் பட்ட அச்சத்தையும் பெற்ற மீட்சியையும் பல நூற்றாண்டாக மறவாமல் வைத்திருப்பது சிறுமையன்று. கதைக்கு ஓர் ஆண்டைக் குறித்துக் கல்வெட்டில் தேடுவதும் வீண் வேலை. கொங்கிலிருந்து மேற்கே படைகள் வந்ததுண்டு. மேற்கிலிருந்து கொங்குக்கும் போனதுண்டு. கதவு இரு பக்கமும் திறப்பதுதானே.

ஆனால், "கொங்கன் என்றால் தமிழன், தமிழன் என்றால் நீ" என்று ஒரு சிறுவன் இன்னொரு சிறுவனைக் கைகாட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. முன்னர் மனத்தில் இருத்தச் சொன்னதை இங்கே எடுத்துக்கொள்வோம். சங்க காலத்துச் சேரர்க்கு மேலைக் கடற்கரையும் இருந்தது, கொங்கும் இருந்தது. கருவூரை அடுத்த புகழூரில், ஆறுநாட்டார் மலைக் குகையில், சேரல் இரும்பொறையின் பெயரைத் தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டு இன்றும் இருக்கிறது. கருவூர் எங்கே இருக்கிறது? கொங்கில். கொங்கர் கோமான் என்றும் குடவர் கோமான் என்றும் ஒரே மன்னனை அழைக்கக்கூடிய காலம் ஒன்று இருந்தது. வெண்ணியில் வடக்கிருந்த சேரன் யாருடைய முன்னோன் என்று இரு பிள்ளைகளும் சண்டையிட்டால், இருவருமே வெல்வார்கள்.

மேலும், அந்தச் சித்தூரைப் பாருங்கள். 1956 க்கு முன்பு பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அடுத்திருந்த சித்தூரோ கொச்சி அரசைச் சேர்ந்தது. கஞ்சிக்கோட்டுக்காரர் அக்காலத்தில் சித்தூர் போக வேண்டுமானால் ஓர் அரசின் எல்லையையே கடக்க வேண்டும்! 1957 சனவரி முதல் நாள் பாலக்காடு மாவட்டம் அமைந்தபோதுதான் இரண்டும் ஒரு குடைக்கீழ் வந்தன. அந்தச் சித்தூர் வட்டத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் எத்தனை என்பதை அங்கே சந்தைக்குப் போனவர்கள் அறிவார்கள். நெல் அறுத்தவர்களும் நிலக்கடலை பயிரிட்டவர்களும் கள்ளியும் கருவேலும் மண்டிய கிழக்குப் புறத்தைத் திருத்தியவர்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் அந்த அம்மனை வேறொருவருடைய தெய்வம் என்று எண்ணி ஒதுங்கியதில்லை. எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்த குருமடமும் அதே சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. மலையாள மொழிக்குத் தந்தை என்று போற்றப்படும் அவர், தமிழ் காற்றில் கலந்து வரும் ஊரைத்தான் தேர்ந்தார்.

ஆகவே, சகோதரி, மகனிடம் இவ்வாறு சொல்லலாம் என்பது நம் கருத்து. கொங்கன் ஓர் அரசன். படையெடுத்து வந்தான், தோற்றான். நீ அரசனும் அல்லை, படையெடுத்தும் வரவில்லை. உன் தந்தை வேலை தேடி அதே வழியில் பேருந்தில் வந்தார். எட்டு மணி நேரம் ஆலையில் நின்று வீடு திரும்புகிறார். கணவாயைக் கடந்து வந்தவர்களுள் வாளோடு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். சோற்றுப் பாத்திரத்தோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். தோழனையும் வீட்டுக்கு அழைத்து இருவரையும் உட்கார வைத்துப் பித்தளை விளக்குக் கதையைச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு கொங்கனாக யார் நடிப்பது என்று அவர்களே முறை வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்கு அந்த நீதி பெரியவர்களைவிட நன்றாகவே தெரியும்.

திருநாவாய் பார்க்க விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு சொல். பாலக்காட்டிலிருந்து மேற்கே செல்லும் வண்டியில் குற்றிப்புரம் இறங்கினால் பேருந்து கிடைக்கும். கோடையில் ஆறு மணலாகவே இருக்கும். பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டம். மழைக்காலத்தில் ஆற்றுக்குள் இறங்க வேண்டா. வரும் மாசியில் சித்தூருக்குப் போகிறவர்கள் கொங்கனின் ஓலை வாசிக்கப்படும்போது அருகே நின்று கவனமாகக் கேட்டு, அதன் சொற்களில் எவ்வளவு தமிழ், எவ்வளவு மலையாளம் என்று குறித்து அனுப்பினால், அதனை இப்பக்கத்தில் மகிழ்ச்சியுடன் வெளியிடுவோம்.